தானாக வரும் தேநீர்

தலைமைப் பண்பு என்ற ஒன்று உலகத்தில் இல்லாவிட்டாலும் சூரியன் உதிக்கத்தான் செய்யும். ஆனால் யாருடைய வழிகாட்டுதலில் உதித்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். இந்தப் பெருங்குறையைப் போக்கத்தான் மனித குலம் வணிக நிர்வாக முதுகலைப் பட்டத்தைக் கண்டுபிடித்தது. அதைப் பகுதி நேரமாகவும் படிக்கலாம் என்று கண்டுபிடித்தது அதைவிடப் பெரிய சாதனை. நாள் முழுக்கத் தலைமை தாங்குகிறவர்களுக்கு மீதி நேரம் என்று ஒன்று ஏது? அந்த இல்லாத நேரத்தில் படித்து வாங்குகிற பட்டம் அது. அதனால்தான் அதற்கு அத்தனை மதிப்பு.

இல்லாத நேரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால், டெய்லர் அக்காவின் சனிக்கிழமைகளிலிருந்து வந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

டெய்லர் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது தெரு. வாரத்தில் ஐந்து நாள் அவள் ஊராருக்குத் துணி தைப்பாள். சனிக்கிழமை மட்டும் தன் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருவாள். தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும். பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். கத்தரிக்கோலும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். அவளுக்கு வாரத்தின் மற்ற நாட்களெல்லாம் சனிக்கிழமைக்கு ஓரம் அடித்துக் கொடுத்த துணி மாதிரி.

அவள் கணவர் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர். ஒரு காலத்தில் மெத்தை மேல் படுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறதா என்று சொல்கிற வேலை அவருடையது. பிறகு படுப்பவர்களை மேற்பார்வை பார்த்தார். பிறகு மேற்பார்வை பார்ப்பவர்களுக்குத் தலைமை தாங்கினார். இப்படி ஒரு மனிதர் மெத்தையை விட்டு விலக விலகத்தான் உயர்கிறார். இனி அவருக்கு மேலே இருந்தது பொது மேலாளர் நாற்காலி ஒன்றுதான். "பட்டம் இருந்தா உட்காரலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் செய்தியைச் சொன்னார்.

"படிக்கப் போறேன். சனிக்கிழமை மட்டும்தான்."

"சனிக்கிழமை என் க்ளாஸுங்க" என்றாள் அக்கா.

"உன் க்ளாஸ் எங்க நடக்குது?"

"ஹால்ல."

"என் படிப்பு எங்க நடக்கும்?"

"காலேஜ்ல நடக்கும்னு நெனச்சேன்."

"பாடம் காலேஜ்ல. குழுக் கலந்தாய்வு ஹால்ல. எல்லாருமே பெரிய பொறுப்புல இருக்கறவங்க. பெரிய ஹாலா வேணும்."

"ஏன், அவ்வளவு பேரா?"

"நாலே பேருதான். ஆனா நாலு பேரும் தலைவருங்க."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள். "எப்ப முடியும்?"

"நான் பாஸ் பண்ணினதும் முடிஞ்சுது. அன்னிலேர்ந்து சனிக்கிழமை உனக்கே உனக்கு. வேணும்னா எழுதித் தரேன்."

"எழுதிக் கிழிக்க வேண்டாம். பாஸ் பண்ணுங்க, போதும்."

இப்படித்தான் அக்காவின் வகுப்பு "தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டது". ஒத்திவைக்கப்பட்டது எந்த இடத்தில் என்றால், சரியாகக் காலருக்கு முந்தின இடத்தில். அவளிடம் படித்த பெண்கள் ஆளுக்கொரு சட்டை தைத்து, கை வைத்து, பட்டன் வைத்து, கழுத்து வரைக்கும் வந்து நின்றிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை காலர். அந்த அடுத்த சனிக்கிழமை வரவே இல்லை. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் காலர் இல்லாத சட்டையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி அவளை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரை ஆபீஸ்ல கேக்கறாங்களாம், இது என்ன புது ஃபேஷனான்னு."

"ஆமான்னு சொல்லச் சொல்லு."

"சொன்னாராம். அவரோட மேனேஜரும் காலரை வெட்டிக்கிட்டு வந்துட்டாராம்."

"அதுக்கு நான் பொறுப்பில்லம்மா. அது தலைமைப் பண்பு."

"காலர் எப்பக்கா சொல்லித் தருவீங்க?"

"அவர் பாஸ் ஆகட்டும்டி. பாஸ் ஆனதும் மறுநாளே காலர்."

அதனால், பட்டம் பெறப் போகிறவரைவிட அந்தப் பட்டத்துக்காக அதிகம் தவம் கிடந்தவள் அக்காதான்.

படிப்பின் கடைசிக் கட்டமாக ஒரு செயல்முறைத் தேர்வு வைத்தார்கள். பொதுமக்கள் வந்து சுற்றிப் பார்க்கக் கல்லூரியைத் திறந்துவிடும் திறப்பு நாளன்று ஒவ்வொரு குழுவும் ஒரு சின்னக் கடை போட்டு நடத்திக் காட்ட வேண்டும். பேராசிரியர் நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். தேறாத குழு ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். யாருக்கு என்ன கடை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இந்தக் குழுவுக்கு விழுந்தது தேநீர்க் கடை.

"டீக்கடையா?" அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பாடா! அது கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடலாமே!"

"அப்படி லேசா நெனைக்காத" என்றார் கணவர். "அதுல எவ்வளவு சிக்கல் இருக்குன்னு உனக்குத் தெரியாது."

சிக்கல் சனிக்கிழமை காலையில் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் வங்கிக் கிளை ஒன்றின் தலைவர். பேனாவைத் திறக்கும்போதே கையெழுத்துப் போடப் போகிற மாதிரி திறப்பார். இன்னொருவர் ஒரு மருத்துவமனையின் நிர்வாகத் தலைவி. நின்றுகொண்டே பேசுவார், உட்கார்ந்தால் யாராவது காத்திருக்க வைத்துவிடுவார்களோ என்று சந்தேகம். மூன்றாமவர் லாரி நிறுவனத் தலைவர். எதைச் சொன்னாலும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குச் சொல்வது போலச் சொல்வார். நான்காமவர் மெத்தைத் தலைவர், அதாவது வீட்டுக்காரர். தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். லாரித் தலைவர் அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல ஒரு கேள்வி" என்று வங்கித் தலைவர் தொடங்கினார். "இந்தக் குழுவுக்குத் தலைமை தாங்க யார் தயார்?"

நான்கு கைகள் உயர்ந்தன.

"நல்லது. அந்தத் தலைமையின் கீழே வேலை செய்ய யார் தயார்?"

நான்கு கைகளும் இறங்கின.

"முழு ஒருமைப்பாடு" என்று மெத்தைத் தலைவர் குறித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் தேநீர் வந்தது. நான்கு கைகள் நீண்டன. கண்கள் எதுவும் நிமிரவில்லை. தட்டைப் பிடித்திருந்த அக்கா, "பாத்து, சூடு" என்றாள். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

வங்கித் தலைவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "ஆக, அடிப்படைக் கேள்விக்கு வருவோம். தேநீர்ங்கறது எப்படி உருவாகுது?"

"அதுக்கு ஒரு ஆலோசகரை வெச்சுக்கலாம்" என்றார் லாரித் தலைவர், பிஸ்கட்டை முக்கியபடி.

"முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்" என்றார் மருத்துவமனைத் தலைவி. "தேநீர்னா என்ன? தண்ணி, பால், சர்க்கரை, டீத்தூள். நாலு துறை. நாம நாலு பேரு. ஆளுக்கொரு துறைக்கு இயக்குநர்."

கூடமே மெய்சிலிர்த்தது. தண்ணீர் இயக்குநரானார் வங்கித் தலைவர். பால் இயக்கம் லாரிக்கு, ஏனென்றால் போக்குவரத்து இருந்தது. சர்க்கரை மருத்துவமனைக்கு, ஏனென்றால் கட்டுப்பாடு தேவை. டீத்தூள் மெத்தைத் தலைவருக்கு மிச்சம்.

காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடுப்பைப் பத்தவைக்கறது யாருங்க?"

நான்கு தலைவர்களும் முதல் முறையாக அவளைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, அது செயல் மட்டம்" என்று லாரித் தலைவர் பெரிய மனதோடு விளக்கினார். "இது கொள்கை மட்டம்."

"கொள்கையில கொதிக்குமாண்ணே?"

"இந்தா" என்றார் கணவர், "நீ உள்ள போ. இது உனக்குப் புரியாது. அப்படியே இன்னொரு ரவுண்டு... மேடத்துக்குச் சர்க்கரை கம்மி."

அடுத்த ரவுண்டும் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தது. தேநீர் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி அந்தக் கூடத்தில் குடிக்கப்பட்ட தேநீரை மட்டும் கணக்குப் பார்த்தால் திறப்பு நாளுக்கு வந்த அத்தனை பேருக்கும் ஊற்றி, மீதியில் கோப்பையும் கழுவியிருக்கலாம். ஆனால் முன்னேற்றமும் இருந்தது. கடைக்கு "ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு தொடுவானம்" என்று குறிக்கோள் வாசகம் கிடைத்தது. கோப்பையிலிருந்து எழும் ஆவி, ஏறுமுகமான விற்பனைக் கோடு போல வளைந்து போகிற சின்னம் ஒன்று வரைந்தார்கள். பெரிய அட்டையில் நிர்வாகப் படம் தயாரானது: மேலே நான்கு இயக்குநர் கட்டங்கள், நடுவே நிறைய அம்புகள், அம்புகளெல்லாம் போய் முட்டுகிற இடத்தில் கீழே ஒரு குட்டிக் கட்டம். அதில் "பணியாளர் (காலியிடம்)" என்று எழுதியிருந்தது.

மருத்துவமனைத் தலைவிக்கு மட்டும் தேநீர் போடத் தெரியும் என்பது ஒரு நாள் தற்செயலாக வெளியே வந்துவிட்டது. மூன்று ஆண்களும் அவரை நம்பிக்கையோடு பார்த்தார்கள்.

"பார்க்காதீங்க" என்றார் அவர். "நான் போட்டேன்னா, பொம்பளை வந்தா டீ போடுவான்னு ஆயிடும். எத்தனை வருஷம் பாடுபட்டு அந்தக் கெட்டிலை விட்டு வந்திருக்கேன் தெரியுமா?"

அடுக்களை வாசலில் நின்ற அக்காவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப் போனது. "சரியாச் சொன்னீங்கம்மா" என்றாள்.

"தேங்க்ஸ்மா" என்று தலைவி கோப்பையை நீட்டினார். "கொஞ்சம் ஆறிடுச்சு. சூடு பண்ணிக் குடுக்கறீங்களா?"

திறப்பு நாளுக்கு முந்தின மாலை, அக்கா கணவரைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏங்க, நேராவே கேக்கறேன். நாளைக்கு யாரு டீ போடப் போறது?"

"அந்தக் காலியிடம் நாளைக்குள்ள நிரம்பிடும்."

"நிரம்பலைன்னா?"

"நிரம்பாததுக்கான காரணத்தை அறிக்கையில சேர்ப்போம்."

"நீங்களே போட்டா என்ன? வாங்க, இப்பவே சொல்லித் தரேன். தண்ணியை வெக்கணும், கொதிக்கணும், தூளைப் போடணும். மெத்தையில படுத்துப் பார்க்கறதைவிட சுலபம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். பாவம், அது நிஜமான பயம். "நான் மட்டும் ஒரு தடவை போட்டுட்டேன்னா, மத்த மூணு பேருக்கும் நான் டீ போடறவனாயிடுவேன். அப்பறம் ஜென்மத்துக்கும் எந்திரிக்க முடியாதும்மா. இதெல்லாம் உனக்குப் புரியாது."

அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது. எந்திரிக்க முடியாத வேலை எது என்று அவளுக்கும் தெரியும்.

அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. இவர் தேறாவிட்டால் இன்னொரு வருஷம் சனிக்கிழமை கிடையாது. இன்னொரு வருஷம் காலர் கிடையாது. எதிர்வீட்டுக்காரி பக்கத்துத் தெரு தையல் பள்ளியில் விசாரித்துவிட்டு வந்ததாகவும் காதில் விழுந்திருந்தது. ஒரு பெண் போனால் மற்றவர்களும் போவார்கள். அதற்குப் பிறகு கூடம் திரும்பக் கிடைத்தாலும் அதில் உட்கார யார் இருப்பார்கள்?

"இவங்க போடலைன்னா நானே போட்டுத் தொலைக்கிறேன்" என்று முடிவு செய்துகொண்டு திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் கல்லூரி மைதானத்தில் கடைகள் களைகட்டின. பக்கத்துக் குழு பழச்சாறு பிழிந்து பிழிந்து கை சிவந்து நின்றது. அவர்களுக்குத் தலைமைப் பண்பு போதாது என்று பார்த்த உடனே தெரிந்தது. தேநீர்க் கடையோ கண்கொள்ளாக் காட்சி. பதாகை இருந்தது. பலூன் இருந்தது. டோக்கன் வழங்குமிடம், விசாரணைப் பிரிவு, குறைதீர்க்கும் பெட்டி எல்லாம் இருந்தன. லாரித் தலைவர் பாலை ஒரு முழு லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்; லாரியில் இருந்தது ஒரு பாக்கெட். நடுநாயகமாக ஒரு புத்தம் புது அடுப்பு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தது.

வரிசை மைதானத்தின் பாதி வரை போனது. முன்னால் நின்ற பெரியவர் டோக்கனை நீட்டினார்.

"தம்பி, டீ இருக்கா?"

"இருக்குங்கய்யா" என்றார் மெத்தைத் தலைவர். "கொள்கை அளவுல இருக்கு."

"குடிக்கற அளவுல?"

"அது அடுத்த கட்டம். அதுவரைக்கும் இந்தக் கருத்துப் படிவத்தை நிரப்பிக் குடுங்க. தேநீர் எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, பரவாயில்லை. டிக் பண்ணினா போதும்."

"குடிக்காமலேவா?"

"குடிச்சவங்க பாரபட்சமாச் சொல்லிடுவாங்கய்யா."

பெரியவர் யோசித்துப் பார்த்து "பரவாயில்லை" என்பதில் டிக் போட்டார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தபோது தூரத்தில் பேராசிரியர் பழச்சாறு கடையை முடித்துக்கொண்டிருந்தார். அடுத்தது இந்தக் கடைதான். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"தள்ளுங்க எல்லாரும். நான் போடறேன்."

மெத்தைத் தலைவரின் கண்கள் கலங்கிவிட்டன. "பார்த்தீங்களா" என்று அவர் மற்றவர்களிடம் சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மருத்துவமனைத் தலைவி. "அது காலியிடம். நேர்காணல் இல்லாம நிரப்பினா விதிமீறல்."

"விதி முக்கியம்" என்றார் வங்கித் தலைவர், பேனாவைத் திறந்தார். வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, குளிர்ந்த அடுப்புக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள் போடப்பட்டன. நெருங்கிய உறவினர் என்பதால் மெத்தைத் தலைவர் நடுநிலை காத்துப் பதாகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பலூன்களுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரிந்தது.

"உட்காருங்க மேடம். பதட்டப்படாதீங்க" என்றார் வங்கித் தலைவர். "தேநீர் தயாரிப்புல முன் அனுபவம்?"

"இவரைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து."

"சான்றிதழ் இருக்கா?"

"நீங்கதானே ஒவ்வொரு வாரமும் குடிக்கறீங்க!"

"நாங்க குடிச்சதுக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லை" என்றார் லாரித் தலைவர் வருத்தத்தோடு. "கூட்டக் குறிப்புல ஏறலை, தங்கச்சி."

"அண்ணே, அவர் வந்துட்டிருக்காரு! பேசாம லைட்டரைக் குடுங்க!"

"லைட்டர்னா?" என்றார் வங்கித் தலைவர்.

மூவரும் தலைகளைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். பிறகு பதாகைக்குப் பின்னாலிருந்து மெத்தைத் தலைவர் அழைக்கப்பட்டு, முடிவை அறிவிக்கும் பொறுப்பு அவருக்கே தரப்பட்டது. கடினமான செய்தியை அன்போடு சொல்வது தலைமைப் பண்பின் முக்கியமான பாடம். அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனா, விண்ணப்பதாரர் இயக்குநர் ஒருத்தரோட மனைவிங்கறதால, உறவினர் நியமனத் தடை விதிப்படி... வருந்துகிறோம்மா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டோக்கனோடு போய் வரிசையில் நின்றுகொண்டாள், பெரியவருக்குப் பின்னால்.

"என்னம்மா, வேலை கிடைக்கலையா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லீங்கய்யா. அவருக்கு நான் சொந்தமாம்."

"அடப்பாவமே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

பேராசிரியர் வந்து சேர்ந்தார். அடுப்பைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "தேநீர் எங்கே?" என்றார்.

வங்கித் தலைவர் நிர்வாகப் படத்தைப் பிரித்துக் காட்டினார். காலியிடத்துக்கு வந்த ஒரே விண்ணப்பத்தையும் நெருக்கடியான நேரத்தில் நெறி தவறாமல் நிராகரித்ததை மருத்துவமனைத் தலைவி விளக்கினார். பேராசிரியரின் புருவம் மெல்ல மெல்ல உயர்ந்தது.

"சரி, ஒரு கேள்வி. பொதுவா உங்க அனுபவத்துல தேநீர் எப்படி வருது?"

நான்கு பேரும் யோசித்தார்கள். இந்த ஒரு தடவை பொய் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது.

"எங்க பிராஞ்சில பதினோரு மணியானா வரும் சார்" என்றார் வங்கித் தலைவர்.

"பெல் அடிச்சா வரும்" என்றார் மருத்துவமனைத் தலைவி.

"சத்தம் போட்டா வரும்!" என்றார் லாரித் தலைவர். பக்கத்துக் கடையில் ஒரு பழம் உருண்டு விழுந்தது.

மெத்தைத் தலைவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்க வீட்டு ஹால்ல அதெல்லாம்கூட வேண்டாம் சார். மீட்டிங் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல தானா வந்துடும்."

"தானாவா?"

"தானா சார். ஒரு வாரம்கூடத் தவறினதில்லை. வேணும்னா இவங்களைக் கேளுங்க."

மற்ற மூவரும் ஆமோதித்தார்கள். பேராசிரியர் அவசரமாகக் குறிப்பேட்டைத் திறந்தார். பல வருஷமாக ஒரு புதுக் கோட்பாட்டுக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர். இதுவரை வந்த நிர்வாகப் புத்தகமெல்லாம் வேலையை யார் செய்வது, எப்படிச் செய்வது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, போதுமான அளவு தலைமை ஓரிடத்தில் கூடினால் வேலை தானாகவே நடந்துவிடுகிறது என்ற உண்மை ஒரு மெத்தைத் தலைவரின் கூடத்தில் சத்தமில்லாமல் ஆவி பறந்துகொண்டிருந்திருக்கிறது!

"தன்னியல்புத் தேநீர்!" என்றார் அவர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. "முதல் வகுப்பு. நாலு பேருக்கும்."

"டீ வராதா சார்?" என்று பெரியவர் கேட்டார்.

"அய்யா, நீங்க ஒரு வரலாற்றுத் தருணத்துல வரிசையில நிக்கறீங்க."

"அப்ப நான் ஜூஸே குடிச்சுக்கறேன்" என்று பெரியவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா கோபத்தைக்கூட ஒத்திவைத்துவிட்டாள். நேர்காணலில் தோற்றாலும் சனிக்கிழமையில் ஜெயித்தாயிற்றே!

"பாஸாயிட்டீங்கல்ல? நிச்சயமா?"

"பாஸ் மட்டுமா! முதல் வகுப்பு!"

"அப்ப வர்ற சனிக்கிழமை ஹால் எனக்கு."

"அதான்... அதைப் பத்திப் பேசணும்."

அக்கா நடையை நிறுத்தினாள்.

"பேராசிரியர் ஒரு ஆய்வு வட்டம் ஆரம்பிக்கிறாரு. நாங்க நாலு பேரும் உறுப்பினர். வாராவாரம் சனிக்கிழமை. வேற எங்கேயும் நடத்த முடியாதாம். அந்தத் தேநீர் நம்ம ஹால்லதான வருது?"

"ஏங்க" என்றாள் அக்கா மெதுவாக. "அந்த டீ எப்படி வருதுன்னு உங்களுக்கு உண்மையாவே தெரியாதா?"

"ஏன் தெரியாது?"

"எப்படி வருது?"

"நீ தட்டுல வெச்சு எடுத்துட்டு வர்ற."

"அதுக்கு முன்னாடி?"

அவர் நேர்மையான மனிதர். தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு நன்றாக யோசித்தார். "அதுக்கு முன்னாடி நாங்க மீட்டிங்ல இருப்போம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் வெப்பமானியோடும் நிறுத்துக் கடிகாரத்தோடும் வந்தார். நான்கு தலைவர்களும் வழக்கமான இடங்களில் உட்கார்ந்தார்கள். சோதனைச் சூழல் மாறக் கூடாதல்லவா? லாரித் தலைவர் தையல் மெஷின் மேல் உட்காரப் போனார். மெஷினைக் காணோம். எந்த மெஷினையும் காணோம்.

கூட்டம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரமும் ஆனது.

"வரலையே" என்றார் பேராசிரியர்.

"காத்துல ஈரம் அதிகமா இருக்கலாம்" என்றார் மருத்துவமனைத் தலைவி.

"நீங்க புதுசா வந்திருக்கறதால கூச்சப்படுதோ என்னமோ" என்றார் வங்கித் தலைவர்.

லாரித் தலைவர் ஒரு முறை சத்தம் போட்டுப் பார்த்தார். வீட்டின் உள்ளேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம் பதிலாக வந்தது. அது தேநீரின் சத்தமாக இல்லை. மெத்தைத் தலைவர் எழுந்து அடுக்களைப் பக்கம் போனார்.

அடுக்களை நிறைய மெஷின்கள். மெஷின் நிறையப் பெண்கள். எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தின் மேல் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பின் மேல் வெள்ளைத் துணியை விரித்து அக்கா சுண்ணாம்புக் கட்டியால் வளைவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா... டீ?" என்றார் அவர்.

"மீட்டிங் நடக்குதுங்க."

"எங்க?"

"இங்க. அடுப்பு மேல காலர் இருக்கு பாருங்க, இன்னிக்கு எடுக்க முடியாது."

"அப்ப டீ?"

"அது தானா வரும்னு சொன்னீங்களே? நாங்களும் அதைத்தான் பார்த்துட்டிருக்கோம்." வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே அக்கா சொன்னாள். "வந்துச்சுன்னா இந்தப் பக்கமும் அனுப்பிவிடுங்க. எதிர்வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை கம்மி."

பெண்கள் சிரித்த சிரிப்பில் நூல்கண்டு ஒன்று உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. அவர் அதை எடுக்கக் குனிந்தார். பிறகு யாரிடம் எடுக்கச் சொல்வது என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு அப்படியே கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

கூடத்தில் அன்று ஒரு துளிகூட வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. இந்தக் கூடத்தின் "தலைமை அடர்த்தி" ஏதோ காரணத்தால் குறைந்துவிட்டது என்று பேராசிரியர் வெப்பமானியை உதறி முடிவு செய்தார். அதன் பின் சனிக்கிழமைகளில் கூடம் அக்காவுடையதானது. அந்தத் தெருவின் சட்டைகளுக்கெல்லாம் கழுத்து கிடைத்தது. மெத்தைத் தலைவர் பொது மேலாளர் நாற்காலியில் அமர்ந்து, மெத்தை இருக்கிற திசையைக்கூடப் பார்க்க வேண்டாத உயரத்தை அடைந்துவிட்டார்.

ஆனால் உண்மையான தலைமை ஒரு தோல்வியோடு துவண்டுவிடுவதில்லை. "எங்க வீட்லயும் பெரிய ஹால் இருக்கு" என்று வங்கித் தலைவர் முன்வந்தார். "அங்கேயும் தானா வரும். பல வருஷமாப் பார்த்திருக்கேன்." ஆய்வு வட்டம் இப்போது சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் கூடுகிறது. கோட்பாடு முழுமையாக நிரூபணமாகிவிட்டதாம். புத்தகமாக வரப் போகிறதாம். வங்கித் தலைவரின் மனைவி சனிக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். இப்போதெல்லாம் அங்கே சத்தமே இல்லை. தேநீர் மட்டும் நேரம் தவறாமல் வந்துவிடுகிறதாம்.